பொதிகையில் ஒரு காந்த ஊசி, கிருஷ்ணாபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர்

இந்த எபிசோட் ஒரு தப்பான நம்பரில் ஆரம்பிக்குது.

நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் படிச்சவன். எந்தக் காலேஜ்னு சொல்லப் போறதில்லை, ஏன்னு கொஞ்ச நேரத்தில் புரியும். கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு எங்ககிட்ட ஒரு ஹீலியம்-நியான் லேசர் இருந்தது. செவப்பு வெளிச்சம், லேபிளில் 2 மில்லிவாட். அதோட பவரை அளக்கணும். சென்சார் ஒரு அலமாரியில் கிடைச்சது, மீட்டர் இன்னொரு அலமாரியில். ரெண்டும் வேற வேற கம்பெனி. ஆனா பிளக் ஒண்ணுதான். சொருகினா 'டக்'குனு உட்கார்ந்துடுச்சு. மீட்டருக்குப் பின்னாடி ஒரு கேபிளைப் போட்டு பழைய கம்ப்யூட்டரில் இணைச்சோம். திரையில் நம்பர் ஓட ஆரம்பிச்சது. 5.312, 5.309, 5.314.

மூணு நாள் எழுதினோம், கிராஃப் போட்டோம். நாலாவது நாள் லேப் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏ தம்பி, லேசர் மேல 2னு எழுதியிருக்கான். உன் மீட்டர் 5ங்குது. வயசாக ஆக அதுக்கு பவர் கூடவா செய்யும்?"

அவ்வளவுதான். மூணு நாள் வேலை குப்பைக்குப் போச்சு.

என்ன நடந்தது? லேசர் வெளிச்சத்தை அளக்கிற சென்சார் தானா வாட் கணக்கு சொல்லாது. அது வெளிச்சத்தை வாங்கி ஒரு சின்ன மின்சாரமா மாத்தும், அவ்வளவுதான். இந்த நிறத்துக்கு இத்தனை வாட்டுன்னா இத்தனை ஆம்பியர்னு ஒரு மாற்று எண் இருக்கு. அது ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி. செவப்புக்கு ஒண்ணு, நீலத்துக்கு வேற ஒண்ணு. சில சென்சார்களில் அந்த எண்ணை பிளக்குக்குள்ளேயே ஒரு சின்ன நினைவுச் சிப்பில் எழுதி வச்சிருப்பாங்க. அதே கம்பெனி மீட்டர்னா அதைப் படிச்சுக்கும். எங்க மீட்டருக்கு அந்த மொழி தெரியலை. தன் நினைவில் கிடந்த, வேற ஏதோ சென்சாரோட பழைய எண்ணை எடுத்துப் பெருக்கி, எங்களுக்கு மூணு தசம இடத்தோட பதில் சொல்லிக்கிட்டு இருந்தது. தப்பு, ஆனா ரொம்ப சுத்தமா இருந்த தப்பு.

நம்ம ஊரில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பாங்க. பிளக் உள்ளே போச்சுங்கறது ஒரே ஒரு பொருத்தம்தான், மீதி ஒன்பதை நாங்க பார்க்கவே இல்லை.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு கேள்வி வந்தது. சென்சார், மீட்டர், கம்ப்யூட்டர். இந்த மூணையும் ஒழுங்கா சேர்த்து வச்சு, அதை நம்பி ஒரு அறிவியலையே கட்டின ஆட்கள் நம்ம பக்கம் யாராவது இருந்திருக்காங்களா? தேடினேன். பதில் எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியிற மலையிலேயே இருந்தது.

மலைக்கு மேல் ஒரு ஊசி

பொதிகை மலை. அகத்தியர் மலைன்னும் சொல்லுவோம். கயிலாயத்தில் சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் போய்ச் சேர்ந்ததில் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துடுச்சு, அதைச் சமன் செய்ய அகத்தியரை இங்கே அனுப்பினாங்கன்னு கதை. தாமிரபரணி பொறக்கிற மலை. உச்சி 1,868 மீட்டர். இன்னைக்கு தமிழ்நாடு கேரளா எல்லை, அன்னைக்கு திருநெல்வேலி ஜில்லாவுக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் எல்லை.

1855-ல் அந்த மலை மேல ஒருத்தர் காந்த ஆய்வுக்கூடம் கட்டினார். பேர் ஜான் ஆலன் ப்ரவுன். ஸ்காட்லாந்துக்காரர். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-ல், ஜான் கால்டிகாட்ங்கறவர் தொடங்கின வானிலை, வானியல் ஆய்வுக்கூடம் ஒண்ணு இருந்தது. கால்டிகாட் 1849-ல் இறந்துட்டார். 1852-ல் ப்ரவுன் அங்கே இயக்குநரா வந்து சேர்ந்தார்.

அது உலகமே காந்த ஊசியைப் பார்த்துக்கிட்டு இருந்த காலம். ஜெர்மனியில் கவுஸ், வெபர்னு ரெண்டு பேர் கோட்டிங்கன் நகரத்தில் ஒரு சங்கம் ஆரம்பிச்சிருந்தாங்க. பூமியோட காந்தப் புலம் நிமிஷத்துக்கு நிமிஷம் லேசா ஆடுது, ஏன்னு தெரியலை. ஒரு இடத்தில் பார்த்தா புரியாது. பல ஊர்களில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கருவிகளோட பார்க்கணும். இந்த வேலைக்கு பிரிட்டிஷ் அரசும் இறங்கி, காலனிகளில் ஆய்வுக்கூடங்கள் வச்சது.

ப்ரவுனோட கேள்வி இது: கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஊசி ஆடுற மாதிரியேதான் ஆறாயிரம் அடி உயரத்திலும் ஆடுமா? ரெண்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனா நடுவில் இருந்தது காடு. ரோடு கிடையாது. யானையும் புலியும் திரியிற இடம். மழை, காற்று, பனி. நுட்பமான கருவி ஒவ்வொண்ணும் மனுஷங்க சுமந்துதான் மேலே போயிருக்கணும். சுமந்தவங்க பேர் நமக்குத் தெரியாது. கருவி செஞ்சவங்க பேர் இருக்கும், சுமந்தவங்க பேர் இருக்காது. வரலாற்றில் இது வழக்கம்தானே.

கண்ணுதான் கேபிள்

சரி, அன்னைக்கு சென்சார் எது? ஒரு காந்தத் துண்டு. முறுக்கில்லாத பட்டு இழையில் தொங்கும். மீட்டர் எது? இதுதான் அழகு. காந்தத்தோட ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி, கொஞ்ச தூரத்தில் ஒரு தொலைநோக்கி வைப்பாங்க. தொலைநோக்கிக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோல். கண்ணாடியில் அந்த அளவுகோலோட பிம்பம் தெரியும். ஊசி துளி திரும்பினா கண்ணாடி திரும்பும், அளவுகோலில் எண் மாறும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஒரு நிமிடக் கோணம். அந்த அளவு கண்ணாடி திரும்பினா, 2 மீட்டர் தள்ளி இருக்கிற அளவுகோலில் சுமார் 1.2 மில்லிமீட்டர் நகரும். கண்ணுக்கே தெரியாத ஆட்டம் வாசிக்கிற எண்ணா மாறிடுச்சு. நடுவில் கம்பி இல்லை, பல்சக்கரம் இல்லை. வெளிச்சம் மட்டும்தான். எங்க லேசர் புராஜெக்ட்டுக்கு இது தாத்தா முறை.

அப்போ கம்ப்யூட்டர் இன்டர்ஃபேஸ்? ஒரு மனுஷர். மணிக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்து, தொலைநோக்கியில் கண்ணை வச்சு, எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதுறவர். ராத்திரியும் பகலும். வாசிக்கிறவர் இடுப்பில் ஒரு இரும்புச் சாவி இருந்தாலே ஊசி அசைஞ்சிடும். வீட்டுக் கட்டுமானத்தில் இரும்பு ஆணி அடிக்கக் கூடாது. மனுஷரும் கருவியோட ஒரு பாகம், அவரும் பொருந்தியாகணும்.

இங்கேதான் ப்ரவுன் எனக்குப் பிடிச்சுப் போனார். காந்தத்துக்குச் சூடு ஆகாது. வெப்பம் ஏறினா அதோட பலம் குறையும். திருவனந்தபுரத்தில் வெக்கை, மலை உச்சியில் குளிர். ரெண்டு இடத்து எண்ணையும் அப்படியே பக்கத்தில் வச்சா என்ன ஆகும்? பூமியோட காந்தம் மாறினதா, இல்லை ஊசிக்குக் குளிர் எடுத்ததான்னு சொல்ல முடியாது. ரெட்டை இழையில் தொங்கிற காந்தமானி ஒண்ணு உண்டு, கிடைத்திசைப் புலத்தோட பலத்தை அளக்க. அதில் என்னென்ன பிழை வரும், வெப்பத்துக்கு எவ்வளவு கழிக்கணும்னே ப்ரவுன் தனியா ஆராய்ஞ்சு கட்டுரை எழுதினார். நாங்க மூணு நாளில் பார்க்க மறந்த ஒன்பது பொருத்தத்தை அவர் வருஷக்கணக்கா பார்த்தார்.

அதுக்குப் பலனும் கிடைச்சது. பூமியோட பல மூலைகளில் எடுத்த தினசரி சராசரிகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தப்போ, கிடைத்திசைப் புலம் எல்லா இடத்திலும் ஒரே நாட்களில் ஏறி இறங்குறது தெரிஞ்சது. அதில் சுமார் 26 நாளுக்கு ஒரு சுற்று. சூரியன் தன்னைத்தானே சுத்துற காலத்துக்குப் பக்கத்தில் வர்ற எண் அது. பூமியில் தொங்குற ஊசி, சூரியனோட சுழற்சிக்கு ஆடுது. யோசிச்சுப் பாருங்க, ஒரு கருவியோட வெப்பத் திருத்தம் தப்பா இருந்தா இந்தச் சின்ன ஏற்ற இறக்கம் சத்தத்தில் மூழ்கியிருக்கும்.

ப்ரவுன் 1865-ல் கிளம்பினார். திருவனந்தபுரத்திலும் அகத்தியர் மலையிலும் எடுத்த ஊசித் திசை அளவீடுகள் 1874-ல் லண்டனில் தடிமனான புத்தகமா வந்தது. 1878-ல் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் மெடல் கொடுத்தது. அடுத்த வருஷம் இறந்துட்டார்.

டிராம் வந்தது, ஊசி நகர்ந்தது

இங்கே கொஞ்சம் வேகமா போறேன். பம்பாய் கொலாபாவில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் இருந்தது. நகரத்தில் மின்சார டிராம் வரப்போகுதுன்னதும் சிக்கல். டிராம் மின்சாரம் ஊசியை ஆட்டிடும். அதனால 1904-ல் கருவிகள் கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாக் போயிடுச்சு. இன்னைக்கும் அங்கேதான் இருக்கு. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அதுக்கு முன்னாடியே, 1840-களில் இங்கிலாந்தில், மனுஷர் கண்ணுக்குப் பதிலா ஒளிப்படத் தாள் வந்துடுச்சு. ஊசிக் கண்ணாடியில் பட்டுத் திரும்புற வெளிச்சம், மெல்லச் சுத்துற உருளையில் இருக்கிற தாளில் ஒரு கோடு வரையும். ஒரு நாளைக்கு ஒரு தாள். காலையில் கழுவினா நேத்தைய பூமி கோடா தெரியும். ஆனா அந்தக் கோட்டை எண்ணா மாத்த, கண்ணாடி அளவுகோலை வச்சு ஒருத்தர் மணிக்கு மணி அளந்து எழுதணும். ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை யூனிட்னு மாற்று எண். அந்த எண் மாறிடுச்சான்னு அப்பப்போ சோதிக்கணும். பழைய பிரச்சினை, புது உடை.

1957-ல் சர்வதேச புவியியற்பியல் ஆண்டு வந்தது. உலகம் முழுக்க அளவெடுப்பு. அப்போதான் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலை நகரிலும் புது காந்த நிலையங்கள் வந்தது. தெற்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

ஏன்னா நம்ம தலைக்கு மேல ஒரு ஆறு ஓடுது. தண்ணி ஆறு இல்லை, மின்சார ஆறு.

பூமியில் காந்த ஊசி மேலும் சாயாம கீழும் சாயாம படுத்த மாதிரி நிக்கிற ஒரு கோடு இருக்கு. காந்த நடுக்கோடு. இந்தியாவில் அது தெற்கு முனைக்குப் பக்கத்தில்தான் போகுது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி பலமான மின்னோட்டம் ஓடும். 1920-களில் பெரு நாட்டில் ஹுவான்காயோ ஆய்வுக்கூடத்தில் பகல் நேரக் காந்த ஏற்றம் மத்த ஊரைவிட ரொம்ப அதிகமா இருந்தது. 1951-ல் சிட்னி சாப்மன் அதுக்கு மின் தாரைன்னு பொருள் வர்ற பேரை வச்சார், எலக்ட்ரோஜெட். 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பினதுக்கும் காரணம் இதே கோடுதான்.

கிருஷ்ணாபுரம்

கிருஷ்ணாபுரம்னா உங்களுக்கு கோயில் சிற்பம்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பேர் பன்னாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் வேற காரணத்துக்காக வரும்னு காலேஜ் முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு ஆய்வுக்கூடம் வச்சது. தமிழில் சொன்னா நிலநடுக்கோட்டுப் புவியியற்பியல் ஆய்வகம். 1992-லேயே அங்கே ஒரு ரேடார் வேலை செய்ய ஆரம்பிச்சது. 1.98 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, 70-லிருந்து 98 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் அடிக்கிற காற்றைக் கேட்கும். காந்தமானிகளும் உண்டு. ப்ரவுனோட மலையிலிருந்து கிழக்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான்.

இப்போ சென்சார் பட்டு இழைக் காந்தம் இல்லை. ஒரு வகைக்கு புரோட்டான் காந்தமானின்னு பேர். ஒரு பாட்டிலில் ஹைட்ரஜன் நிறைஞ்ச திரவம். அதைச் சுத்தி செம்புக் கம்பிச் சுருள். மின்சாரம் கொடுத்து நிறுத்தினா உள்ளே புரோட்டான்கள் பம்பரம் மாதிரி தலையாட்டும். எவ்வளவு வேகத்தில் ஆட்டும்ங்கறது பூமியின் புலத்தைப் பொறுத்தது. நம்ம பக்கம் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. அதுக்கு வர்ற அதிர்வு நொடிக்கு சுமார் 1,700. ஸ்பீக்கரில் போட்டா காதாலேயே கேட்கலாம்! பூமியோட காந்தத்துக்கு ஒரு ஸ்வரம் உண்டு, ஹெட்ஃபோனில் கேட்கிற உங்களுக்கு அது எட்டுற தூரம்தான்.

இன்னொரு வகை ஃப்ளக்ஸ்கேட். வேகமான மாற்றத்தை மூணு திசையிலும் தனித்தனியா பிடிக்கும். நீளமான கேபிள், மின்னணுப் பெட்டி, அனலாகை டிஜிட்டலாக்கும் சுற்று, கம்ப்யூட்டர், நேரத்துக்கு ஜிபிஎஸ். இந்த சென்சாரும் அதோட மின்னணுப் பெட்டியும் ஜோடியா சோதிச்சு, ஜோடியா மாற்று எண் எழுதப்பட்டவை. பிளக் ஒண்ணா இருக்கேன்னு ஒரு ஜோடியோட சென்சாரை இன்னொரு ஜோடியோட பெட்டியில் சொருகினா, நம்பர் வரும். என் 5.312 மாதிரி.

இதில் என்ன போச்சுன்னு கேட்கலாம். சொல்றேன். மின் தாரை எவ்வளவு பலமா ஓடுதுன்னு தெரிய ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப எளிமையான ஒரு கழித்தல் போடுவாங்க. திருநெல்வேலியில் காந்தம் எவ்வளவு ஏறிச்சு, அதிலிருந்து அலிபாக்கில் எவ்வளவு ஏறிச்சுங்கறதைக் கழி. அலிபாக் மின் தாரைக்கு வெளியே இருக்கு. பொதுவான ஏற்ற இறக்கம் ரெண்டிலும் வரும், அது கழிஞ்சு போயிடும். மிச்சம் நம்ம தலைக்கு மேல ஓடுற ஆறு.

மதியம் அந்த மிச்சம் சாதாரணமா சில பத்து நானோடெஸ்லாவிலிருந்து நூறு சொச்சம் வரை. மொத்தம் 40,000-ல் அவ்வளவுதான். அதாவது ஒரு சதவீதத்தில் கால் பங்கு அளவுக்குள். ரெண்டு ஊர் கருவியில் ஒண்ணு சத்தமில்லாம கொஞ்சம் நகர்ந்தா, வானத்தில் இல்லாத ஒரு ஆற்றை நாம கண்டுபிடிச்சிடுவோம்.

சில நாட்களில் அந்த மிச்சம் கழித்தல் குறியோட வரும். எதிர்மறை எண். ஆறு திரும்பி மேற்கே ஓடுதுன்னு அர்த்தம். இது உண்மையிலேயே நடக்கிற விஷயம், எதிர் மின் தாரைன்னு பேர். ஆனா முதல் தடவை அப்படி ஒரு எண்ணைப் பார்க்கிற ஆளை நினைச்சுப் பாருங்க. வானம் மாறிச்சா, இல்லை மீட்டர் பழுதா? அந்த நொடியில் அவருக்குத் துணைக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: கருவி சரியா ஜோடி சேர்ந்திருக்கா, யாராவது சோதிச்சிருக்காங்களாங்கற நம்பிக்கை. அது இல்லேன்னா ஒரு கண்டுபிடிப்பு, பழுதுங்கற பேரில் குப்பைக்குப் போகும். இல்லேன்னா ஒரு பழுது, கண்டுபிடிப்புங்கற பேரில் பத்திரிகைக்குப் போகும்.

2024 மே 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல் அடிச்சது ஞாபகம் இருக்கா? லடாக்கில் ஹான்லேயில் வானம் செவந்த படங்கள் உங்க இன்ஸ்டாவில் வந்திருக்கும். அதே புயலைத் தரையில் இருக்கிற காந்தமானிகள் எண்ணா எழுதிக்கிட்டு இருந்தது. காந்த நடுக்கோட்டுப் பக்கத்தில் மேல்வான மின்னூட்டம் கலங்கினா ஜிபிஎஸ் சிக்னலும் தடுமாறும். உங்க பைக் டாக்ஸி வர்ற வழிக்கும் இந்த ஊசிக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

இன்னும் ஒரு மனுஷர்

கடைசியா ஒரு விஷயம். இவ்வளவு கம்ப்யூட்டர் வந்த பிறகும் உலகத்தில் நல்ல காந்த ஆய்வுக்கூடங்களில் ஒரு வேலையை மனுஷர்தான் செய்றார். ஃப்ளக்ஸ்கேட் மாற்றத்தைத்தான் சொல்லும், அடிப்படை மட்டத்தைச் சொல்லாது. அதுக்காக குறிப்பிட்ட நாட்களில் ஒருத்தர் பெல்ட்டைக் கழட்டி, செல்போனை வெளியே வச்சு, இரும்பில்லாத அறைக்குள் போவார். இரும்பு கலக்காத ஒரு தியோடலைட்டைக் கையால் திருப்பி, கண்ணால் வாசிச்சு எழுதுவார். அந்த எண்ணை வச்சுத்தான் கம்ப்யூட்டரோட எண் சரியாகும். 1855-ல் தொலைநோக்கியில் கண்ணை வச்சவருக்கும் இவருக்கும் நடுவில் தலைமுறைகள் ஓடியிருக்கு. வேலை ஒண்ணுதான்.

ப்ரவுன் அச்சடிச்ச எண்களை நான் இன்னைக்கும் வாசிக்க முடியும். எந்த டிரைவரும் வேண்டாம், எந்த கேபிளும் வேண்டாம். என் புராஜெக்ட் ஃபைல் இருந்த டிஸ்க்கைத் திறக்கிற மெஷின்கூட இப்போ என்கிட்ட இல்லை. அது நல்லதுதான், அதில் இருந்தது எல்லாமே தப்பு. ஆனா சரியா இருந்திருந்தாலும் கதி அதேதானே? சென்சாருக்கும் மீட்டருக்கும் பொருத்தம் பார்க்கிறது ஒரு பக்கம். இன்னைக்கு எழுதுற எண்ணுக்கும் நூறு வருஷம் கழிச்சு வாசிக்கப் போற ஆளுக்கும் பொருத்தம் பார்க்கிறதும் நம்ம வேலைதான். எந்த சென்சார், எந்த மீட்டர், யார் சோதிச்சது, எந்தத் தேதி. இந்த நாலையும் நம்பருக்குப் பக்கத்தில் எழுதி வச்சா போதும், பாதிப் பொருத்தம் முடிஞ்சது.

எங்க லேப் அண்ணாச்சி அதைத்தான் செஞ்சார். அந்த மீட்டரில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் எழுதினார்: "இதுக்கு உரிய சென்சார் மூணாவது அலமாரி. வேற போடாதே." தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார்.

போன தடவை ஊருக்குப் போனப்போ எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி ஓய்வு பெற்றுட்டார். பிளாஸ்திரி அப்படியே இருக்கு.